உயிரோடு ஊர்ந்த மூன்று நத்தைகள்

எங்கள் வீட்டில் ஓர் அரணை வளர்கிறது. வரப்போரத்தில் சருகுக்குள் சரசரவென்று ஓடி மறைகிற நம்மூர் அரணை அல்ல. முழங்கை நீளம், என் மணிக்கட்டைவிடப் பருமன். கால்கள் மட்டும் வேறு ஏதோ சின்ன உடம்புக்குச் செய்து இதில் பொருத்தியவை போல இருக்கும். பயந்தால் வாயைத் திறந்து நாக்கை நீட்டும். நாக்கு பேனா மை போல நீலம்.

பெங்களூரில் ஓராண்டு வேலை பார்த்தபோது என்னோடு ஒரே அறையில் இருந்த தோழி வளர்த்தது. அவளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. அரணையைக் கூட்டிப்போக அந்த நாட்டில் அனுமதி இல்லை. வனத்துறையின் பதிவில் பெயரை மாற்றி, காகிதங்களை ஒரு கோப்பில் போட்டு, ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் தோட்டத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "உன்கிட்ட மட்டும்தான் குடுக்க முடியும். நீ லிஸ்ட் போட்டுப் பாத்துக்குவே" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

அவள் சொன்னது சரி. நாமக்கல்லில் கோழித் தீவனத்தைப் பரிசோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன். மக்காச்சோளம், தவிடு, சோயாப் புண்ணாக்கு எல்லாம் சின்னச் சின்னப் பைகளில் மாதிரியாக வரும். ஈரம் எவ்வளவு, பூஞ்சை நஞ்சு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பையைத் திறப்பதற்கு முன்பு மூன்று கேள்விகள் உண்டு: எங்கிருந்து வந்தது, எப்போது எடுத்தது, எதில் போட்டு வைத்திருந்தது. மூன்றுக்கும் பதில் இல்லாத பையை நான் திறப்பதில்லை. கேட்டுக் கேட்டு அது பழக்கமாகி, பிறகு குணமாகவே ஆகிவிட்டது. மளிகைக் கடைக்குப் போனாலும் தாள் இல்லாமல் போக மாட்டேன்.

அரணையைப் பார்த்ததும் அம்மா கதவுக்கு வெளியே நின்றுகொண்டார். அரணை கடித்தால் பிழைக்க முடியாது என்பது எங்கள் பக்கத்தில் பலரும் நம்புகிற விஷயம்.

"ஏனம்மிணி, கட்டிக்கிட்டுப் போற வயசுல இப்பிடி அரணையக் கட்டிக்கிட்டு வந்திருக்கறயே. ஒறம்பரைச் சனம் வந்தா என்னனு சொல்றது?"

"விஷம் இல்லம்மா. சும்மா பூனை மாதிரி."

"பூனைன்னா பால் ஊத்தலாம். இதுக்கு என்னத்த ஊத்தறது?"

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அரணை நாக்கை நீட்டியது.

"அடேங்கப்பா" என்றார் அப்பா. "வாங்க சாமி, வாங்க. நம்ம ஊடுதான்."

எங்கள் பக்கத்தில் குழந்தையும் சாமிதான், கிழவரும் சாமிதான். அன்றிலிருந்து அரணையும் சாமி ஆனது. நான் அதற்கு வேறு பெயர் வைக்கவில்லை.

வந்த அன்று எடை ஐந்நூற்றுப் பன்னிரண்டு கிராம். சனிக்கிழமை தோறும் தராசில் வைத்துச் சுவரில் மாட்டிய தாளில் குறிப்பேன். பெங்களூரில் அவித்த முட்டையும் கீரையும் பூசணியும் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிராணி இங்கே வந்ததும் எதையும் தொடவில்லை. வெயில் விளக்கு அதே விளக்கு, சூடு அதே அளவு. இடம் மாறினால் இரண்டு வாரம் சாப்பிடாமல் இருக்கும் என்று படித்திருந்தேன். மூன்று வாரம் ஆயிற்று. புரட்டாசி பிறந்தபோது நானூற்று அறுபது. வால் கொழுப்பாக இருந்தது மெலிந்து, அடியில் எலும்பு தட்டுப்பட்டது.

நாமக்கல்லில் கால்நடை மருத்துவர்களுக்குக் குறைவில்லை, ஆனால் நான் விசாரித்தவரை எல்லோரும் கோழி பார்ப்பவர்கள். அவர்களில் ஒருவர் மட்டும் பார்க்கச் சம்மதித்தார். வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றைத் தடவிப் பார்த்தார், புழுகூட இல்லை என்றார். "இதுக்கு ரொம்பப் புடிச்சது என்னனு பழைய ஆளக் கேளுங்க. மொதல்ல அது வாயத் தெறக்கட்டும்."

தோழிக்குச் செய்தி அனுப்பினேன். பதில் குரலாக வந்தது. "நத்தைன்னா அதுக்கு உயிரு. ஆனா வெளிய பொறுக்குன நத்தை மட்டும் குடுத்துராதே. பெட்டியில வளத்தது மட்டும்தான்."

ஏன் என்று எனக்கே தெரிந்தது. வெளியே ஊர்கிற நத்தை எதைத் தின்றது என்று யாருக்கும் தெரியாது. நத்தைக்கு என்று வைக்கும் நஞ்சு அதன் உடம்பில் இருக்கலாம். எலியிடமிருந்து வருகிற ஒரு வகைப் புழு இருக்கலாம். அது மனிதர்களுக்கும் ஆகாது, கையுறை இல்லாமல் தொடக் கூடாது. ஆகவே தாய் நத்தைகளை மட்டும் வெளியிலிருந்து எடுக்க வேண்டும். அவை இடும் முட்டையைத் தனிப் பெட்டிக்கு மாற்றி, அங்கே பொரிந்து அங்கேயே வளர்ந்ததைத்தான் அரணைக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். பதினான்கு வரியில் ஒரு பட்டியல் எழுதி மாட்டினேன். முதல் வரி: நிலத்தில் கடைசியாக மருந்து அடித்து எத்தனை நாள்?

"ஏனுங்கப்பா, நம்ம காட்டுல கடைசியா எப்ப மருந்து அடிச்சீங்க?"

"ஆனியில அடிச்சது. அப்பறம் ஒண்ணும் அடிக்கல."

எழுதிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் சில வருடங்களாக மழைக்காலம் வந்தால் ஆப்பிரிக்க நத்தை தொல்லை. உள்ளங்கை அளவு வளரும். ஒரே ராத்திரியில் ஒரு பாத்திக் கன்றை மொட்டையடித்துவிடும். அப்பாவின் காட்டில் வேலைக்கு வரும் அக்கா ஒருவர் காலையில் வாளியோடு பொறுக்கப் போவார். ஈரச் சாக்கை விரித்து அடியில் பப்பாளி இலையைப் போட்டு வைத்தால் விடிவதற்குள் அத்தனையும் அங்கே வந்து ஒண்டிக்கொள்ளும். எடுத்து உப்பு வாளியில் போட வேண்டியதுதான். அவரிடம் ஆறு நத்தை உயிரோடு வேண்டும் என்று கேட்டேன்.

"எதுக்குங்க அம்மிணி? மூலத்துக்கா?"

"இல்லீங்கக்கா. வளக்கறதுக்கு."

அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ஊரெல்லாம் இதக் கொல்லறதுக்கு ஆள் வெச்சிருக்குது. நீங்க தொட்டில் கட்டறீங்களா? நாங்க ஏரி நத்தை திம்போம், இது பக்கமே போவ மாட்டோம். ஏரி நத்தையையே மூணு நாளு கழுநித் தண்ணியில போட்டு வெச்சுத்தான் திம்போம், உள்ள இருக்கற சேறெல்லாம் கக்கோணும்ல?"

கழுநீரில் மூன்று நாள் என்பதையும் குறித்துக்கொண்டேன்.

பழைய பிளாஸ்டிக் பெட்டியில் ஈரமண், கோழிப் பண்ணைகளில் முட்டை ஓட்டுக்காகப் போடும் கிளிஞ்சல் தூள், மேலே இறுக்கமான மூடி. ஒன்றுகூடத் தப்பிப் போகக் கூடாது. வேண்டாத முட்டையைக் கொதிக்கவைத்துத்தான் கொட்ட வேண்டும். இவையும் பட்டியலில் உண்டு. புரட்டாசி கடைசியில் மண்ணைக் கிளறினேன். ஜவ்வரிசி கொட்டி வைத்த மாதிரி முட்டைகள். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டியதுதான் நான் செய்த பிசகு. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஜவ்வரிசிப் பாயசம் வைக்கப்படவில்லை. ஐப்பசி பிறந்ததும் முட்டைகள் பொரிந்தன. அரிசி அளவில் நாற்பது நத்தைகள், ஒவ்வொன்றுக்கும் முதுகில் கண்ணாடி போன்ற ஓடு.

ஆனால் அரணைக்குக் காத்திருக்க நேரம் இல்லை. அந்தச் சனிக்கிழமை முந்நூற்றுத் தொண்ணூற்று எட்டு. நானூறுக்குக் கீழே வந்ததைத் தாளில் எழுதும்போது கை நிதானமாகத்தான் இருந்தது. எழுதி முடித்துவிட்டு அதே இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏஞ்சாமி, இப்பிடி இருந்தா எப்பிடி?" என்று அரணையிடம் கேட்டார். பிறகு என்னிடம், "அந்தக் குட்டி நத்தை பெருசாகறதுக்குள்ள இது போயிருமாட்ட இருக்குது" என்றார்.

"தெரியுதுங்கப்பா."

மறுநாள் காலையில் ஈர வாழை மட்டையில் மூன்று நத்தைகளை வைத்துக் கொண்டுவந்தார். சின்னவை, நெல்லிக்காய் அளவு. தண்ணீர்த் தொட்டிச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தவையாம்.

"இதக் குடுத்துப் பாரேன் கண்ணு. நம்ம காட்டுதுதான்."

நான் பட்டியலைப் பார்த்தேன். வெளியில் பொறுக்கியதைக் கொடுக்கக் கூடாது என்பதுதான் பட்டியலின் நோக்கமே. ஆனால் அது ஏன் என்பதை உடைத்து உடைத்து யோசித்தேன். புழுவா? கொதிக்க வைத்தால் செத்துவிடும். வயிற்றில் இருக்கும் அழுக்கா? மூன்று நாள் பட்டினி போட்டால் வெளியேறிவிடும். மருந்தா? அதை மறுபடியும் கேட்டேன்.

"மருந்து அடிக்கலீங்களேப்பா?"

"அடிக்கல சாமி. அன்னிக்கே சொன்னனே."

மூன்று நாள் வைத்திருந்து, நல்ல தண்ணீரில் கழுவி, வெளியே குளிக்கத் தண்ணீர் காய வைக்கும் அடுப்பில் ஒரு பழைய தகரக் குவளையில் ஐந்து நிமிடம் கொதிக்க விட்டேன். சமையலறைப் பக்கம் கொண்டுவந்தால் அம்மா வீட்டை விட்டே போய்விடுவார். ஆறவைத்து இடுக்கியில் பிடித்து நீட்டினேன். அரணை தலையைத் திருப்பியது. நீல நாக்கு ஒருமுறை வெளியே வந்து ஓட்டைத் தொட்டுப் பார்த்தது. ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வாயைத் திறந்து முழுசாகக் கவ்வி, தாடையை இறுக்கியது. ஓடு நொறுங்குகிற சத்தம் அறைக்கு வெளியே நின்ற அம்மாவுக்கும் கேட்டது.

"தின்னுருச்சா?" என்றார் அம்மா.

"தின்னுருச்சு" என்றார் அப்பா. மூன்றையும் தின்றது. அன்று மாலை அப்பா இரண்டு தடவை வந்து பெட்டியை எட்டிப் பார்த்தார். அம்மாகூடக் கதவுக்கு உள்ளே ஓரடி வந்து நின்றார்.

மறுநாள் காலையில் விளக்கைப் போடப் போனபோது அரணை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. தூக்கினால் உடம்பெல்லாம் அதிர்ந்தது, செல்போன் அதிர்வில் வைத்த மாதிரி. வாயோரத்தில் நுரை. நான் தாளை எடுத்து நேரத்தைக் குறித்தேன், ஆறு நாற்பது. அடையாளங்களை எழுதினேன். நேற்றுக் கொடுத்தது: நத்தை மூன்று. அதற்குமேல் எழுத எதுவும் இல்லாதபோதுதான் அப்பாவைக் கூப்பிட்டேன்.

"உண்மையாச் சொல்லுங்கப்பா. மருந்து அடிச்சீங்களா?"

"எதுக்குச் சாமி பொய் சொல்றேன்? தெளிப்பானையே கையில தொடல."

அப்போது வேலைக்கு வந்த அக்கா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, "மருந்து அடிக்கலீங்க அம்மிணி" என்றார். "நத்தைக்கு உருண்டைதான் வெச்சோம். பப்பாளிக் கன்னு நட்டமுல்ல? அன்னிக்கு. தவுடும் வெல்லமும் போட்டுப் பெசஞ்சு அந்த வெசப் பொடியையும் போட்டு. நாந்தான் சாக்குக்கடியில வெச்சேன். நாய் திங்கக் கூடாதுன்னு சிரட்டையில போட்டு."

அப்பா அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பப்பாளிக் கன்று நட்டது நான் தாய் நத்தைகளை எடுத்த பிறகு. ஐப்பசி முதல் வாரம்.

"அது அந்தப் பக்கத்துக் காட்டுல" என்றார் அப்பா மெல்ல. "தொட்டிப் பக்கம் இல்ல. அதுவுமில்லாம... அது தின்ன நத்தை அங்கயே செத்துப்போவும். இது உசுரோட ஊர்ந்துச்சு. செவுத்துல ஏறிக்கிட்டு இருந்துச்சு சாமி. மருந்து தின்னிருந்தா எப்பிடி ஏறும்?"

அவர் யோசித்ததில் தப்பில்லை. உயிரோடு இருக்கிறது, ஆகவே நஞ்சு இல்லை. கொஞ்சமாகத் தின்ற நத்தை சாகாமல் நாலைந்து நாள் ஊர்ந்து பிழைத்துக் கிடக்கும் என்பதும், அந்தக் கொஞ்சம் கொதித்தாலும் போகாது என்பதும் எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். நான் கேட்டது அடித்தீர்களா என்று. அவர் அடிக்கவில்லை. வைத்தீர்களா என்று நான் கேட்கவே இல்லை. வயலில் தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு போவது ஒரு வேலை. சிரட்டையில் தவிட்டு உருண்டை வைப்பது வேறு வேலை, எலிக்குப் பொறி வைப்பதைப் போல. எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள். இதே ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா?

பொடியின் டப்பாவை எடுத்துக்கொண்டு, அரணையை ஒரு துண்டில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்து, அப்பாவின் வண்டியில் நாமக்கல் போனோம். வழியில் வேகத்தடை ஒவ்வொன்றிலும் அவர் வண்டியை நடக்கிற வேகத்துக்குக் குறைத்தார்.

மருத்துவர் வர அரைமணி ஆகும் என்றார்கள். பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் எருமப்பட்டிப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர், செத்த கோழிகள் நான்கைச் சாக்கில் போட்டு அறுத்துப் பார்க்கக் கொண்டுவந்திருந்தார். எங்கள் பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, என்னங்க இது, கருங்கோழிக் குஞ்சுங்களா?"

"அரணைங்க" என்றார் அப்பா.

பண்ணைக்காரர் சாக்கோடு எழுந்து பெஞ்சின் அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்தார். "அரணையைத் தூக்கிக்கிட்டு ஆசுபத்திரிக்கு வாரீங்களா? அது கடிச்சவனத்தாங்க தூக்கிக்கிட்டு வருவாங்க."

"இது நம்மூரு அரணை இல்லீங்க. சாதுங்க. ரெண்டு மாசமா எங்கூட்டுல இருக்குது, ஒருத்தரையும் ஒண்ணும் பண்ணுனதில்ல." அப்பா பெட்டியின் மூடியைக் கொஞ்சம் நகர்த்தினார். உள்ளே கால்கள் துடித்துக்கொண்டிருந்தன. "நாந்தாங்க தப்புப் பண்ணிப்புட்டேன். மருந்து தின்ன நத்தையக் குடுத்துட்டேன்."

அந்த மனிதர் நகர்ந்து நகர்ந்து பழைய இடத்துக்கே வந்தார். "வெசனப்படாதீங்க. எனக்கும் போன வருசம் தீவனத்துல பூசணம். பாத்துத்தான் வாங்குனேன். நானூறு கோழி போச்சுங்க. நம்ம கையால போட்ட தீனிங்க அது."

அப்பா தலையை ஆட்டினார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

மருத்துவர் டப்பாவில் இருந்த பெயரைப் படித்துவிட்டு, சென்னையில் பாம்பு பல்லி பார்க்கும் ஒருவரைப் போனில் பிடித்து, அவர் சொல்லச் சொல்லச் செய்தார். தொண்டைக்குள் மெல்லிய குழாய் விட்டுக் கரித்தூள் கரைசல். தோலுக்கடியில் நீர். நடுக்கம் அடங்க ஓர் ஊசி, எடைக்கு ஏற்ற அளவு. எடை கேட்டபோது என்னிடம் வாரவாரியாக இருந்தது. அந்தத் தாள் அன்றைக்கு உதவிய ஒரே இடம் அதுதான். "வெளிச்சம் படாம, சத்தமில்லாம வெச்சிருங்க. ரெண்டு நாள் தாண்டுச்சுன்னா சொல்லலாம். இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது."

இரண்டு நாள் தாண்டியது. முதலில் நடுக்கம் கால்விரல் வரைக்கும் சுருங்கியது, பிறகு நின்றது. மூன்றாம் நாள் தலையைத் தூக்கியது. நான் ஊசியில்லாத சிரிஞ்சில் முட்டை மஞ்சள் கரைசலைச் சொட்டுச் சொட்டாக உள்ளே விட்டேன். விழுங்கியது, ஆனால் தானாக வாயைத் திறக்கவில்லை. முந்நூற்று எழுபத்தாறு.

அப்பா என் அறைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். வாசலில் நின்று, "எப்பிடி இருக்குது?" என்று கேட்பார். சாமி என்று சொல்லவில்லை. நான் பதில் சொல்வதற்குள் போய்விடுவார். இரவுச் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிடுவதை அம்மாதான் சொன்னார்.

"ஊட்டுல ரெண்டு பேரு பட்டினி. ஒண்ணுக்கு நீ சிரிஞ்சுல ஊத்தறே. இன்னொண்ணுக்கு யாரு ஊத்தறது?"

"நான் அப்பாவை ஒண்ணும் சொல்லலையேம்மா."

"அதத்தான் சொல்றேன். ஒண்ணும் சொல்லாம இருக்கறயே."

அன்று மாலை பட்டியலை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முதல் வரியை அவர் முன்னால் கோடு போட்டு அடித்தேன். "நான் கேட்டதுதான் தப்புங்கப்பா. அடிச்சீங்களான்னு கேட்டேன். நீங்க கேட்டதுக்குச் சரியாத்தான் சொன்னீங்க." அடித்த வரிக்குக் கீழே புதிதாக எழுதினேன்: இந்த நிலத்திலும் பக்கத்து நிலத்திலும் மூன்று மாதத்தில் அடித்தது, வைத்தது, ஊற்றியது, தூவியது, புதைத்தது எல்லாம் என்னென்ன?

வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "நல்லாத்தான் எழுதியிருக்கறே" என்றார். அடுத்த நாள் நான் குட்டி நத்தைகளின் பெட்டியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது கதவோரம் வந்து நின்றார். நத்தைகள் அதற்குள் பட்டாணி அளவு ஆகியிருந்தன. நான் தண்டுக்கீரையைக் கழுவி உள்ளே வைத்தேன்.

"அந்தக் கீரை எங்க வாங்குனது?"

"சந்தையிலீங்கப்பா."

"அதுக்கு அவன் என்ன அடிச்சானோ?"

கீரையைப் பிடித்திருந்த என் கை நின்றது. பதினான்கு வரியில் நத்தையைப் பற்றி எல்லாம் இருந்தது. நத்தை தின்கிற கீரையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கோழியைச் சோதிப்பது என் வேலை அல்ல. கோழி தின்னும் தீவனத்தைச் சோதிப்பதுதான் நான் தினமும் செய்கிற வேலை. பெட்டியில் இருந்த கீரை முழுவதையும் எடுத்து வெளியே போட்டேன்.

"பொறு, நான் பாத்துக்கறேன்" என்றார் அப்பா.

பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்றைக் குறுக்கே அறுத்து மொட்டை மாடிக்கு ஏற்றினார். மண் காட்டிலிருந்து எடுக்கவில்லை. வீடு கட்டும்போது கொட்டி மிச்சமாகக் கிடந்த செம்மண். எரு போடும்போது, மாட்டுக்குப் போன மாதம் புழு ஊசி போட்டது நினைவுக்கு வந்து, புதுக்குப்பையை விட்டுவிட்டு அதற்கு முந்திய வருடத்துக் குப்பையைக் கீழேயிருந்து தோண்டி எடுத்தார். விதைக்கு மருந்து தடவியிருப்பார்கள் என்று கடை விதை வாங்கவில்லை. வேலைக்கு வரும் அக்கா தன் வீட்டு அரைக்கீரை விதையைத் துணியில் முடிந்து கொடுத்தார். "நத்தைக்குக் கீரைக்காடு போடறாரு உங்கப்பா" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். கீரை வளரும் வரை கொல்லையில் தானாக முளைத்த பூசணிக் கொடியின் இலையையும், எங்கள் வாசல் முருங்கையையும் கொடுத்தோம். ஒவ்வொன்றையும் அப்பா பறித்துக்கொண்டு வந்து, "இதுக்கு ஒண்ணும் அடிக்கல, வெக்கல, ஊத்தல" என்று ஒப்பித்துவிட்டுத்தான் என் கையில் கொடுப்பார். அம்மா, "பள்ளிக்கூடத்துல இப்பிடி ஒப்பிச்சிருந்தா கலெக்டர் ஆயிருப்பாரு" என்றார். இரவுச் சாப்பாடு மிச்சம் வைக்காமல் முடிந்தது.

கார்த்திகை முழுக்கச் சிரிஞ்சுதான். எடை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மருத்துவர், தானாகத் தின்னாவிட்டால் இப்படியே நெடுநாள் ஓட்ட முடியாது என்றார். குட்டி நத்தைகளைத் தினமும் அளவுகோலில் வைத்துப் பார்ப்பேன். மார்கழி இரண்டாம் வாரம் பெரியது ஒன்று கட்டைவிரல் நகத்தைத் தாண்டியது.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறிய பிறகு, அரணை விளக்கடியில் உடம்பைச் சூடேற்றிக்கொண்டு கிடந்த நேரத்தில், அந்த ஒன்றைக் கழுவி வட்டிலில் வைத்தேன். அப்பாவைக் கூப்பிட்டேன்.

"நீயே வெய்யி" என்றார் வாசலில் நின்றபடி.

"நீங்க வெய்யுங்கப்பா."

கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். கையுறை அவருக்குச் சின்னதாக இருந்தது. இடுக்கியை வாங்கியவர் உடனே நீட்டவில்லை. பட்டியலை எடுத்து என்னைக் கேள்வி கேட்கத் தொடங்கினார்.

"எங்க பொறந்தது?"

"இந்தப் பெட்டியிலீங்கப்பா."

"என்ன தின்னுச்சு?"

"நம்ம பூசணி இலை, முருங்கை, மாடிக் கீரை."

"தண்ணி?"

"குடிக்கிற தண்ணி."

"அந்த மொதக் கீரை? சந்தையில வாங்குனது?"

"அது தின்னு ஒண்ணரை மாசம் ஆச்சுங்க. ஒண்ணுகூடச் சாவல, சோரல. டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன்."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து நத்தையை நீட்டினார். அரணை கண்ணைத் திறந்தது. வெகுநேரம் அசையவில்லை, என் கையில் சிரிஞ்ச் தயாராக இருந்தது. நீல நாக்கு வெளியே வந்து போயிற்று. மறுபடியும் வந்தது, இந்தத் தடவை ஓட்டைத் தொட்டது. பிறகு முன்கால்களை ஊன்றி ஓரடி எடுத்து வைத்து, வாயைத் திறந்து, இடுக்கியிலிருந்து பிடுங்கியது.

ஓடு நொறுங்கியது.

"மெதுவா, சாமி" என்றார் அப்பா. "மெதுவாத் தின்னுங்க. ஆரும் புடுங்க மாட்டாங்க."

விழுங்கிவிட்டு வாயோரத்தை நாக்கால் துடைத்துக்கொண்டது. நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து அப்பா என் பக்கம் திரும்பாமலே கேட்டார், "இன்னொண்ணு வெக்கட்டுமா?"

"இன்னிக்கு ஒண்ணுதானுங்கப்பா. நாளைக்குக் காலையில பாத்துட்டுத்தான்."

"செரி, செரி" என்றார். ஆனால் எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலை ஆறு நாற்பதுக்கு நான் விளக்கைப் போட வந்தபோது அவர் எனக்கு முன்னால் அங்கே உட்கார்ந்திருந்தார். அரணை நான்கு காலிலும் நேராக நின்றுகொண்டு, அவர் கையில் இருந்த காலி இடுக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தது.